தொலைந்துபோன கார்ட்டூன் பைலட்டைத் தேடுவது எப்படி? புதிதாகத் தேட வருபவர்களுக்கு

குழந்தைகளுக்கான ஒரு அனிமேஷன் தொடருக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன்னால், பெரும்பாலும் ஒரு மாதிரிப் பகுதியைச் செய்து காட்டச் சொல்வார்கள் சேனல்காரர்கள். அதுதான் பைலட். சில பைலட்டுகள் ஏழெட்டு நிமிடம் ஓடும், சில அரை மணி நேரம், சில ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் அது அலமாரிக்குப் போய்விடும். பிடித்துப்போய்த் தொடர் வந்தாலும் பைலட் பல நேரம் அலமாரிக்குத்தான் போகிறது. அதற்குள் குரல்கள் மாறியிருக்கும், பாத்திரங்களின் முகம் மாறியிருக்கும், சில சமயம் தொடரின் பெயரே மாறியிருக்கும்.

1960-இல் ஒளிபரப்பான 'தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்' தொடரைப் பாருங்கள். ஹன்னா-பார்பெரா நிறுவனம் அதற்காக 1959-இல் செய்த பைலட்டின் பெயர் 'தி ஃப்ளாக்ஸ்டோன்ஸ்'. ஓடும் நேரம் சுமார் ஒன்றரை நிமிடம். உலகமே பார்த்த ஒரு தொடரின் பைலட், முப்பது வருஷத்துக்கு மேல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கிடந்தது. கடைசியில் நியூயார்க்கில் ஒரு கிடங்கில் அகப்பட்டு, 1994-இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஒளிபரப்பானது.

இந்த வேலைக்கு வரும் பலர் வாரக்கணக்கில் இணையத்தில் வீடியோவைத் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் பைலட் என்பது விற்பதற்காகச் செய்த பொருள். நாலு பேரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னால்தான் விலைபோகும். அதனால் யார் யார் கைக்குப் பிரதி போனது என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். வீடியோ அந்தக் கைகளில் ஒன்றிலிருந்துதான் வரும்.

எது தொலைந்தது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு நோட்டு எடுங்கள், அல்லது ஒரு கோப்பு திறங்கள். பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரியுங்கள். ஒன்றில் அச்சிலோ ஆவணத்திலோ பார்த்தது. இன்னொன்றில் யாரோ சொன்னது, நினைவில் இருப்பது, கேள்விப்பட்டது. இந்த இரண்டும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. யாரோ ஒருவர் 'நீல நிறத் தொப்பி போட்டிருந்தது' என்று சொன்னதைப் பத்து பேர் திரும்பச் சொன்னால், பத்துச் சாட்சி இருப்பது போலத் தோன்றும். இருப்பது ஒரே சாட்சிதான்.

அப்புறம், தேடுவது உண்மையிலேயே பைலட்தானா என்று பாருங்கள். காட்சிகளை முன்கூட்டியே கட்டம் கட்டமாக வரைந்துவைக்கும் ஸ்டோரிபோர்டுப் படங்களை வரிசையாக ஓடவிட்டுக் குரல் சேர்த்தால் அது அனிமேட்டிக். பாத்திரம் எப்படி நடக்கும், எப்படித் திரும்பும் என்று பார்க்க எடுத்த சில விநாடிகள் சோதனை அனிமேஷன். முழுதாக முடித்த படம்தான் பைலட். பேட்டிகளில் கலைஞர்கள் மூன்றையும் பைலட் என்றே சொல்லிவிடுவார்கள். அனிமேட்டிக் மட்டுமே இருந்த ஒன்றை முழுப்படமாக நினைத்து வருஷக்கணக்கில் தேடுவது வீண்.

ஒளிபரப்பானதா, இல்லையா? இதை முடிவு செய்தால்தான் அடுத்து எங்கே போவது என்று தெரியும். ஒளிபரப்பாகியிருந்தால் யாராவது வீட்டு வீடியோ கேசட்டில் பதிவு செய்திருக்கலாம். ஒளிபரப்பே ஆகாததை எந்த வீட்டுக் கேசட்டிலும் தேடிப் பயனில்லை. ஒளிபரப்பாகவில்லை என்று ஊரே சொல்லும் ஒன்றை 'நான் சின்ன வயதில் டிவியில் பார்த்தேன்' என்று ஒருவர் சொன்னால், அவரைத் தள்ளிவிடாதீர்கள். பைலட்டுகளையே குறும்படங்களாக ஒளிபரப்பிய நிகழ்ச்சிகள் உண்டு. கார்ட்டூன் நெட்வொர்க் 1995-இல் தொடங்கிய 'வாட் எ கார்ட்டூன்!' அப்படிப்பட்டது. 'டெக்ஸ்டர்ஸ் லாபரட்டரி', 'ஜானி பிராவோ', 'தி பவர்பஃப் கேர்ள்ஸ்' எல்லாம் அங்கே குறும்படமாக வந்து பிறகு தொடரானவை. பல வருஷம் கழித்து ஒளிபரப்பானவையும் உண்டு. 'ரக்ராட்ஸ்' தொடருக்கு 1990-இல் செய்த பைலட்டை மக்கள் டிவியில் பார்த்தது 2001-இல். ஒரு சேனல் வேண்டாம் என்று விட்டதை இன்னொரு சேனல் எடுத்துக்கொண்டதும் நடந்திருக்கிறது. 'அட்வென்ச்சர் டைம்' குறும்படம் நிக்டூன்ஸ் சேனலில் 2007-இல் வந்தது. தொடர் 2010-இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கியது. அதனால் ஒரே சேனலின் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள்.

தலைப்பை வைத்துத் தேடாதீர்கள்

தலைப்புதான் முதலில் மாறும். 'ஸ்பாஞ்ச்பாப் ஸ்கொயர்பேன்ட்ஸ்' முதலில் 'ஸ்பாஞ்ச்பாய்' என்ற பெயரில்தான் தொடங்கியது. அந்தப் பெயரில் ஏற்கெனவே தரை துடைக்கும் ஒரு பொருள் விற்பனையில் இருந்ததால் மாற்றினார்கள். 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' ஒளிபரப்பாகாத பைலட்டில், முக்கியப் பாத்திரமான கட்டாராவின் பெயர் கயா. பாத்திரத்தின் பெயரை வைத்துத் தேடினாலும் கோட்டை விட இடமிருக்கிறது.

இன்னும் சிக்கலானது, ரசிகர்களே வைத்த பெயர். நிக்கலோடியன் சேனலின் 'பின்வீல்' நிகழ்ச்சியில் வந்த ஒரு பயமுறுத்தும் குறும்படத்தை 'க்ளாக்மேன்' என்று தாங்களாக ஒரு பெயர் வைத்துத்தான் பலரும் தேடினார்கள். 2017-இல் கிடைத்தது. அது 1976-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் எடுத்த படம். அதன் சொந்தப் பெயரில் கடிகாரம் என்ற பேச்சே இல்லை. சாலி என்ற சிறுமியின் பெயர்தான் இருந்தது.

ஆட்களின் பெயர்கள் அப்படி மாறுவதில்லை. உருவாக்கியவர், இயக்கியவர், இசையமைத்தவர், குரல் கொடுத்தவர்கள், பின்னணி வரைந்தவர், படத்தொகுப்பாளர் என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஒரு பெயர் கிடைத்தால், அதே வருஷம் அதே ஸ்டுடியோவில் வேலை செய்தவர்களின் பெயர்களை அங்கே முடிந்த மற்றத் தொடர்களின், பெயர்கள் ஓடும் கடைசித் திரையிலிருந்து எடுக்கலாம். நான் மிகவும் நம்பும் வழி இதுதான். பைலட்டுக்கென்று தனியாக ஆள் எடுப்பது குறைவு. பக்கத்து அறையில் வேறு தொடர் வரைந்துகொண்டிருந்தவர்களைத்தான் இரண்டு மாதம் இதற்கு இழுத்துப்போடுவார்கள்.

டேப்புக்கு முன்னால் காகிதம்

பைலட் ஒன்று இருந்தது என்பதற்குக் காகித ஆதாரம் ஒன்றாவது வேண்டும். அது இல்லாமல் யாருக்கும் கடிதம் எழுதாதீர்கள்.

அமெரிக்கத் தயாரிப்பு என்றால் பதிப்புரிமை அலுவலகத்தின் பதிவேடு நல்ல தொடக்கம். 1978-க்குப் பிறகான பதிவுகளை இணையத்தில் தேடலாம். அதற்கு முந்தையவை அச்சுத் தொகுதிகளாக வந்து, ஸ்கேன் செய்யப்பட்டிருக்கின்றன. பைலட்டின் பெயரில் ஒரு பதிவு இருந்தால் வருஷம், உரிமையாளர், சில நேரம் படச்சுருளா டேப்பா என்பதுகூடத் தெரிந்துவிடும். பதிவு இல்லை என்பதால் பைலட்டே இல்லை என்று ஆகிவிடாது. எல்லாரும் எல்லாவற்றையும் பதிவு செய்வதில்லை.

அடுத்தது தொழில்துறை இதழ்கள். 'வெரைட்டி', 'பிராட்காஸ்டிங்', 'அனிமேஷன் மேகசின்', குழந்தைகள் தொலைக்காட்சிக்கென்றே வரும் 'கிட்ஸ்கிரீன்' இவற்றில் 'இந்த நிறுவனம் இந்தப் பைலட்டை இந்தச் சந்தைக்குக் கொண்டுவருகிறது' என்று ஒரு வரிச் செய்தியோ விளம்பரமோ இருக்கும். பிரான்சின் கான் நகரில் நடக்கும் தொலைக்காட்சிச் சந்தைகளை ஒட்டி வரும் இதழ்களில் இந்த விளம்பரங்கள் அதிகம். 1960 முதல் நடக்கும் அன்சி அனிமேஷன் விழாவின் கையேடுகளையும் விடாதீர்கள். பைலட்டுகள் போட்டிக்கு வருவது அங்கே சாதாரணம். இயக்குநர் பெயர், நாடு, ஓடும் நேரம் எல்லாம் அச்சில் இருக்கும்.

1990-களின் பிற்பகுதி முதல் வந்த பைலட் என்றால் இன்டர்நெட் ஆர்கைவ் பாதுகாத்து வைத்திருக்கும் பழைய இணையப் பக்கங்களைப் பாருங்கள். அவர்கள் சேமிக்கத் தொடங்கியது 1996-இல். மூடிப்போன ஸ்டுடியோவின் முகவரியைப் போட்டால் 'எங்கள் படைப்புகள்' பக்கம் அப்படியே எழுந்து வரும். ஓவியர்களின் பழைய தளங்களில் பாத்திர வரைபடங்களும் அந்தப் பைலட்டில் தாங்கள் என்ன செய்தோம் என்ற குறிப்பும் இருக்கும். வீடியோ திறக்காமல் போகலாம். அதன் கோப்புப் பெயரே ஒரு துப்பு.

பிரதிகள் எங்கெங்கே போயின?

இப்போது ஒரு வரைபடம் போடுங்கள். நடுவில் பைலட். அதைச் சுற்றி, பிரதி போயிருக்கக்கூடிய இடங்கள்.

சேனலில் புதுத் தொடர்களைத் தேர்ந்தெடுக்கும் பிரிவுக்கு ஒரு பிரதி போயிருக்கும். குழந்தைகளை உட்காரவைத்துப் போட்டுக்காட்டிக் கருத்துக் கேட்கும் ஆய்வு நிறுவனத்துக்கு ஒன்று. பொம்மை செய்யும் நிறுவனம், விளம்பரதாரர், வெளிநாட்டு விற்பனை முகவர் என்று ஆளுக்கு ஒன்று. இவை எல்லாம் நிறுவனங்கள். நிறுவனங்கள் இடம் மாறும்போது அலமாரியைக் காலி செய்துவிடும். டேப் விலை அதிகமாக இருந்த காலத்தில் பழையதன் மேலேயே புதியதைப் பதிவு செய்வதும் பல நாடுகளில் வழக்கமாக இருந்தது.

தனி ஆட்களிடம் போன பிரதிகள்தான் அதிகம் பிழைக்கின்றன. எல்லாருக்கும் உருவாக்கியவர் நினைவுக்கு வருவார், அவரைத்தான் பத்து பேர் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். நான் முதலில் போகச் சொல்வது இசையமைப்பாளரிடம். இசை அமைக்க அவருக்குப் படம் வேண்டும். அதனால் திரையின் ஓரத்தில் நேரக் கணக்கு ஓடும் ஒரு வேலைப் பிரதி அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். தன் இசையை யாரும் தூக்கிப் போடுவதில்லை. குரல் கலைஞர்களும் அடுத்த வாய்ப்புக்குக் காட்டுவதற்காக ஒரு கேசட் கேட்டு வாங்கியிருப்பார்கள். படத்தொகுப்பாளரையும் விடாதீர்கள்.

வெளிநாட்டு ஸ்டுடியோவை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். 1980-களில் அமெரிக்கத் தொடர்களின் கதையும் ஸ்டோரிபோர்டும் அமெரிக்காவிலேயே தயாரானாலும், படங்களை வரைந்து வண்ணம் தீட்டும் வேலை பெரும்பாலும் தென்கொரியா, தைவான், ஜப்பான், பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் நடந்தது. பைலட்டின் படச்சுருளோ, செல் எனும் கண்ணாடி போன்ற தாளில் தீட்டிய ஓவியங்களோ அந்த நாடுகளில் தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. அந்த நாட்டு மொழியில் எழுதித் தேடுங்கள். மொழி தெரிந்த ஒருவரை உதவிக்குக் கூப்பிடுங்கள்.

நிறுவனம் கை மாறியிருந்தால் அந்த வரிசையையும் எழுதிக்கொள்ளுங்கள். ஹன்னா-பார்பெரா 1991-இல் டர்னரிடம் போனது; டர்னர் 1996-இல் டைம் வார்னரோடு சேர்ந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பெட்டிகள் கிடங்கு மாறுகின்றன, சில பெட்டிகள் பட்டியலில் ஏறாமல் நின்றுவிடுகின்றன. உரிமை யாரிடம் இருக்கிறது, பொருள் எங்கே இருக்கிறது என்பவை தனித்தனிக் கேள்விகள்.

கடிதம் எழுதுவது

இந்தத் தேடலில் என் மனசுக்கு மிக நெருக்கமான பகுதி இது. 1970-களிலும் 80-களிலும் வேலை செய்த அனிமேட்டர்கள் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்கள் காலத்துக்குப் பிறகு வீட்டைக் காலி செய்பவர்களுக்கு, பெயர் எழுதாத கேசட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் கேட்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. அதே சமயம் அவர்கள் உங்களுக்கு எதுவும் கடன்பட்டவர்கள் இல்லை.

பொதுவில் கொடுத்திருக்கும் தொழில் முகவரி, அதிகாரபூர்வத் தளம், முகவர், சங்கம் இவற்றின் வழியாக மட்டும் தொடர்புகொள்ளுங்கள். வீட்டு முகவரியைத் துருவ வேண்டாம், குடும்பத்தினரின் கணக்குகளுக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். குழுவாகத் தேடுகிறீர்கள் என்றால் ஒரு கலைஞருக்கு உங்களில் ஒருவர் மட்டுமே எழுத வேண்டும் என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஒரே கேள்வியோடு முப்பது கடிதம் போனால் அந்தக் கதவு எல்லாருக்கும் மூடிவிடும்.

கடிதம் சின்னதாக இருக்கட்டும். இப்படி:

'வணக்கம். அந்த வருஷத்து இதழில் வந்த செய்தியில், இந்தப் பைலட்டுக்கு நீங்கள் இசையமைத்ததாகப் படித்தேன். அந்தப் பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறேன். இந்தப் பைலட் எப்படி உருவானது என்று எழுதி வைக்க முயல்கிறேன். அந்த வேலையைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பதைச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும். பதில் எழுத முடியாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் இசைக்கு நன்றி.'

டேப் இருக்கிறதா என்று இதில் கேட்கவில்லை, கவனித்தீர்களா? முதல் கடிதத்தில் கேட்க வேண்டாம். வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் 'பரணில் ஒரு பெட்டி இருக்கிறது' என்று அவர்களே சொல்வார்கள். நகலை இணைப்பது முக்கியம். வெறும் ஆர்வத்தில் கேட்கவில்லை, படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். பதில் வராவிட்டால் ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். 'ஒப்பந்தப்படி பேச முடியாது' என்று சொன்னால் அதோடு நன்றி சொல்லி நிறுத்திவிடுங்கள்.

காப்பகங்கள்

அமெரிக்காவில் காங்கிரஸ் நூலகம், யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் திரைப்பட-தொலைக்காட்சிக் காப்பகம், 1975-இல் ஒளிபரப்பு அருங்காட்சியகமாகத் தொடங்கிய பேலி மையம், பிரிட்டனில் பிஎஃப்ஐ எனும் திரைப்படக் கழகத்தின் தேசியக் காப்பகம், பிரான்சில் ஐஎன்ஏ எனும் தேசிய ஒலி-ஒளிக் காப்பகம். இவர்களின் பட்டியலில் தேடும்போது படத்தின் தலைப்போடு நிற்காமல், கலைஞர்கள் நன்கொடையாகக் கொடுத்த காகிதத் தொகுப்புகளையும் பாருங்கள். பெட்டிவாரியாகப் பட்டியல் இருக்கும். 'தலைப்பற்ற கேசட்டுகள்' என்று ஒரு வரி இருந்தால் அதைப் பற்றி நூலகரிடம் பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள். பல இடங்களில் நேரில் போய்ப் பார்க்கத்தான் அனுமதி, நகல் தர மாட்டார்கள். பார்த்துக் குறிப்பு எடுத்து வந்தாலே பெரிய வேலை முடிந்தது.

டேப் கைக்கு வந்துவிட்டால்

உடனே போட்டுப் பார்க்காதீர்கள். ஆசை தாங்காதுதான், ஆனாலும் வேண்டாம்.

பழைய டேப்பில் காந்தத் தூளை ஒட்டிவைத்திருக்கும் பசை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துப் போகும். அந்த நிலையில் ஓட்டினால் படம் இருக்கும் அடுக்கே உரிந்து கருவியின் தலையில் ஒட்டிக்கொள்ளும். பூஞ்சை பிடித்திருந்தால் கருவியும் கெடும், அடுத்து போடும் டேப்பும் கெடும். படச்சுருள் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாசம் வந்தால் அந்த அசிடேட் சுருள் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்; புரொஜெக்டரில் ஏற்றவே கூடாது.

முதலில் பெட்டி, லேபிள், கையெழுத்து, ஒட்டியிருக்கும் துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் புகைப்படம் எடுங்கள். விஎச்எஸ் என்றால் முதுகுப் பக்கம் இருக்கும் பதிவுத் தாவலை உடைத்துவிடுங்கள், தவறுதலாகக்கூட மேலே பதிவாகாது. யூ-மேட்டிக், பீட்டாகேம் போன்ற தொழில்முறை டேப் வகைகள் வீட்டில் ஓட்டக்கூடியவை அல்ல. பழைய டேப்புகளை டிஜிட்டலாக மாற்றும் அனுபவமுள்ள இடத்தில் கொடுங்கள். கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: தரம் குறையாத வடிவத்தில் வேண்டும், எல்லா ஒலித் தடங்களும் தனித்தனியாக வேண்டும், முதலிலிருந்து கடைசி வரை எதையும் வெட்டக் கூடாது. ஆரம்பத்தில் வரும் வண்ணப்பட்டைகளையும், தலைப்பு, தேதி, ஓடும் நேரம் எழுதிய பலகையையும் வெட்டிவிட்டு வீடியோவை மட்டும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இது எந்தப் பதிப்பு என்று சொல்ல அந்தப் பலகைதான் முதல் சாட்சி. நிறம் திருத்துவது, கூர்மையாக்குவது எல்லாம் வேறு ஒரு பிரதியில் செய்துகொள்ளலாம்.

யாராவது ஒரு வீடியோவையோ ஒற்றைப் படத்தையோ காட்டி 'இதுதான் அது' என்றால், கொண்டாடுவதற்கு முன்னால் சரிபாருங்கள். சேனலின் சின்னம் அந்த வருஷத்துச் சின்னம்தானா? தலைப்பு எழுத்துரு அப்போது இருந்ததா? கடைசித் திரையில் ரோமன் எண்ணில் இருக்கும் வருஷம் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா? செல்லில் வரைந்து கேமராவில் எடுத்த படத்தில் தூசியும், செல்லின் மெல்லிய நிழலும், ஒரே நிறம் சட்டத்துக்குச் சட்டம் (ஃப்ரேமுக்கு ஃப்ரேம்) லேசாக மாறுவதும் தெரியும். கணினியில் இப்போது செய்ததில் அவை இருக்காது, அல்லது எல்லாச் சட்டத்திலும் ஒரே மாதிரி இருக்கும். செயற்கை நுண்ணறிவில் செய்த படங்கள் வந்துவிட்ட பிறகு ஒற்றைப் படத்தை மட்டும் வைத்து எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். மூலப் பொருளின் லேபிள் படத்தைக் கேளுங்கள், டேப் அவர் கைக்கு எப்படி வந்தது என்று கேளுங்கள். உண்மையாகவே வைத்திருப்பவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

வெளியிடலாமா?

டேப் கையில் இருப்பதால் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. உருவாக்கியவருக்கே பெரும்பாலும் உரிமை இருக்காது. ஸ்டுடியோவிடமோ சேனலிடமோ இருக்கும். பாட்டுகளின் உரிமை இன்னொருவரிடம் இருக்கும். 'ஸ்பாஞ்ச்பாப்' முதல் பகுதியில் ஒரு பழைய பாட்டு வருகிறது. அதன் உரிமைச் சிக்கலால், உலகப் புகழ்பெற்ற அந்தத் தொடரின் முதல் சீசன் டிவிடியிலேயே முதல் பகுதி இடம்பெறவில்லை. ஆகவே முதலில் டேப் கொடுத்தவர் என்ன விரும்புகிறார் என்று கேளுங்கள், அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சம்மதித்தால் ஒரு பிரதியைக் காப்பகம் ஒன்றில் ஒப்படையுங்கள். பொதுவில் போடுவது அதற்குப் பிறகு, உரிமையாளரிடம் கேட்ட பிறகு. காப்பகத்தில் ஒரு பிரதி பத்திரமாக இருந்தால் வெளியீடு பத்து வருஷம் தள்ளிப்போனாலும் எனக்குக் கவலை இல்லை.

முழுப் பைலட்டும் கிடைக்காமல் ஒலித்தடம் மட்டும், ஸ்டோரிபோர்டு மட்டும், பதினைந்து விநாடித் துண்டு மட்டும் கிடைப்பதுதான் அதிகம் நடக்கிறது. 1973-இல் ஒளிபரப்பான முதல் 'டோரேமான்' தொடரைச் செய்த ஸ்டுடியோ கலைந்துபோனது. ஒளிபரப்பான தொடர் என்றாலும் அதில் இன்று பொதுவில் பார்க்கக் கிடைப்பது மிகச் சில துண்டுகளே. துண்டுகள் கிடைத்தால் ஒலியை அடியில் ஓடவிட்டு, அந்தந்த இடத்துக்குரிய ஸ்டோரிபோர்டுப் படத்தை மேலே வைத்து ஒரு மறு அமைப்பு செய்யலாம். எது மூலம், எது நீங்கள் இட்டு நிரப்பியது என்பதைத் திரையிலேயே எழுதுங்கள். கூடவே, எந்தெந்தப் பதிவேடு, எந்தெந்த இதழ், எந்தெந்தக் காப்பகம் பார்த்தீர்கள், எங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் தேதியோடு எழுதி வையுங்கள். கடிதம் எழுதியவர்களின் முகவரி அதில் வேண்டாம். எந்தப் பொறுப்பில் இருந்தவரிடம் கேட்டாகிவிட்டது என்பது போதும். அடுத்து தேட வருபவர் அந்தப் பட்டியலில் விட்டுப்போன இடத்திலிருந்து தொடங்குவார்.